கருப்பனார் பாறையும் ஒரு ஜிபி நெட்டும்

புதிதாக எது வந்தாலும் முதல் ஆளாகப் போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்கிற கிறுக்கு எனக்கு இன்றைக்கும் உண்டு. சேலத்தில் என் மேசைமேல் மூன்று கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. மூன்றிலும் ஏதாவது ஒரு புதுச் சமாச்சாரம் சோதனையில் ஓடிக்கொண்டிருக்கும். நாலாவதாக ஒன்று, ஓடாதது, பீரோவுக்கு மேலே கறுப்புப் பையில் கிடக்கிறது. அதைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

அது என் அக்காவின் லேப்டாப். பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்தது. கொல்லிமலையில், வாழவந்தி நாட்டில் (பல ஊர் சேர்ந்ததை எங்கள் மலையில் நாடு என்போம்), எங்கள் ஊருக்கு வந்த இரண்டாவது லேப்டாப். முதலாவதை வைத்திருந்தவர் ராத்திரி பகல் படம் பார்த்தே அதன் கதையை முடித்துவிட்டிருந்தார். அக்காவுக்கு அதில் பெரிய மோகமெல்லாம் கிடையாது. பாடத்துக்குத் திறப்பாள், பழைய தாவணித் துணியால் துடைப்பாள், மூடி வைப்பாள். மோகம் பூராவும் எனக்குத்தான். எனக்கு அப்போது பதினோரு வயது.

என் கம்ப்யூட்டர் ஞானம் போண்டாக் காகிதத்தில் வந்தது. செய்தித்தாளோடு வாரம் ஒருமுறை வரும் கம்ப்யூட்டர் பக்கங்களை, படித்து முடித்த பிறகு, டீக்கடையில் போண்டா மடிக்க வைத்திருப்பார்கள். கடைக்கார அண்ணனிடம் கெஞ்சி அவற்றை வாங்கிக்கொள்வேன். உலகத்துக்கு இன்று தெரிந்தது எனக்குப் பத்து நாள் கழித்து, எண்ணெய் மணத்தோடு தெரியும். அப்படித்தான் அந்தப் பெரிய செய்தியும் வந்தது. நம் லேப்டாப்பை ஓட்டுகிற மென்பொருளுக்குப் பத்தாம் பதிப்பு வந்துவிட்டதாம். எட்டுக்குப் பிறகு ஒன்பதை விட்டுவிட்டு ஒரே தாவலாகப் பத்து! காணாமல் போயிருந்த பழைய ஸ்டார்ட் பொத்தான் மூலையில் திரும்பி வந்திருக்கிறதாம். நாம் பேசினால் அது கேட்குமாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இலவசமாம். எத்தனை ஜிபி இறக்க வேண்டும் என்று சொல்லும் வரி இருந்த இடத்தில் மட்டும் போண்டா ஒட்டிக் கிழிந்திருந்தது.

சொல்லி வைத்தாற்போல் அக்காவின் லேப்டாப்பிலும் திரையின் வலது மூலையில் ஒரு சின்னப் படம் வந்து உட்கார்ந்துகொண்டது. உங்களுக்கான பத்து தயார், பெற்றுக்கொள்ளுங்கள் என்றது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். குச்சிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தக்கூட இல்லை.

“கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கறவளுக்கு மதி எங்க போச்சு? போயி ஆட்டைக் கட்டு போ.”

இனி அக்காவின் காரியம். அவளுக்கு நர்சிங் படிக்க வேண்டும். மதிப்பெண் இருந்தது. ஆனால் சாதிச் சான்று கைக்கு வந்து சேரத் தாமதமாகி, விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. ஆன்லைனில்தான் அனுப்ப வேண்டும். கடைசி நாளோ ஆடிப் பதினெட்டு, மாலை ஐந்து மணி வரை. அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டிருந்தார்.

“எடங் கெடைச்சா போயிப் படி கண்ணு, நான் தடுக்கல. கெடைக்கலீன்னா பெரக்கரையில கேட்டுட்டே இருக்கறாங்க, அவிங்களுக்கு ஒரு பதிலச் சொல்லோணும்.”

அதாவது, அந்த விண்ணப்பம் போனால் அக்கா வெள்ளை உடுப்புப் போடுவாள். போகாவிட்டால் தை மாதம் பெரக்கரை நாட்டுக்கு மருமகளாகப் போவாள். பதினோரு வயதுக்காரிக்கும் இது தெரிந்தே இருந்தது. தெரிந்தும்தான் செய்தேன்.

அதற்கு முதல் நாள், ஆடிப் பதினேழு, செம்மேட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் அக்காவின் போட்டோவையும் சான்றுகளையும் ஸ்கேன் செய்து பென்டிரைவில் போட்டார்கள். விண்ணப்பத்தைத் தொடங்கும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. மறுநாள் பண்டிகை, கடை திறக்க மாட்டார்கள். அதனால் என்ன, வீட்டில் லேப்டாப் இருக்கிறது, அதில் சொருகுகிற நெட் கார்டு இருக்கிறது. அப்பா அதற்கு ஒரு ஜிபி போட்டுக்கொண்டு வந்தார். அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு ஜிபி என்பது குதிர் நிறைய சாமை மாதிரி. “அக்கா, பத்தை எறக்கிக்கட்டுமாக்கா?” என்று அப்பா எதிரில் வாய்விட்டுக் கேட்டேன். “ஒண்ணும் வேண்டாம், நெட்டு தீந்துரும்” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நெட் இருந்தாலும் வீட்டில் சிக்னல் கிடையாது. ஊருக்கு மேலே, மிளகுக் காட்டைத் தாண்டி, கருப்பனார் பாறைக்குப் போக வேண்டும். அங்கே நாலு கோடு கிடைக்கும். அது சாமி இருக்கும் இடம். பாறைக்குக் கீழே ஒரு கல் வரிசை உண்டு. செருப்பை அங்கேயே கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். திருப்பூரில் இருக்கும் மகனோடு போனில் சண்டை போடுகிறவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு, கருப்பனாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் கத்துவார்கள்.

ஆடிப் பதினெட்டு விடிந்தபோது அக்கா வாசல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள். அவளைக் காக்கா தொட்டுவிட்டதாக அம்மா சொன்னாள். மாதாமாதம் அந்தக் காக்கா வந்து அக்காவைத் தொடும். மூன்று நாள் அவள் அடுப்படிக்கு வர மாட்டாள். அந்தக் காக்கா ஏன் அக்காவையே குறிவைக்கிறது என்று நான் வெகுநாள் யோசித்ததுண்டு. காக்கா தொட்டவள் பாறை ஏறக்கூடாது. அப்பாவும் அம்மாவும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு பஸ் ஏறக் கிளம்பிவிட்டார்கள். அவர்களுக்கு லேப்டாப்பை எந்தப் பக்கம் திறப்பது என்றே தெரியாது. மிச்சம் இருந்தது நான்.

அக்கா ஒரு முழுத்தாளில் செய்ய வேண்டியதை எண் போட்டு வரிசையாக எழுதியிருந்தாள். பெயர், பிறந்த தேதி, மதிப்பெண், எந்தப் படத்தை எங்கே ஏற்றுவது, எல்லாம். அதை என் கையில் கொடுத்தாள்.

“ஏ கம்ப்யூட்டரு, ஒண்ணொண்ணா வரிசையாப் பண்ணு. கடேசி வரைக்கும் படி. தெரியலீன்னா கூப்புடு, நான் கீழதான் இருப்பேன்.”

கல் வரிசைக்கு இந்தப் பக்கம், என் செருப்புக்குப் பக்கத்தில் அவள் நின்றுகொண்டாள். நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். எனக்கு ஒரே பெருமை. ஊரே பண்டிகைக்குப் போயிருந்தது. போன் பேச ஒருவரும் இல்லை. மொத்த டவரும் எனக்கே எனக்கு.

எந்தச் சாமான் வாங்கினாலும் கூட வரும் குறிப்பை நான் படிப்பதில்லை. நேரே பொத்தானைத்தான் அழுத்துவேன். அன்றும் அப்படித்தான். மூலையிலிருந்த அந்தச் சின்னப் படம் கூப்பிட்டது. அது பாட்டுக்கு இறங்கட்டும், இது பாட்டுக்கு இதைச் செய்வோம் என்று நினைத்தேன். அக்காவின் விண்ணப்பம் நாலு எழுத்துத்தானே, அதற்கு எவ்வளவு நெட் ஆகிவிடப் போகிறது? கீழே நிற்கிறவளுக்குத் திரை தெரியாது. அழுத்தினேன்.

மற்ற நாளெல்லாம் நொண்டியடிக்கிற நெட் அன்றைக்கென்று அப்படிப் பறந்தது. நான் ஒற்றை விரலால் அக்காவின் பெயரை அடித்தேன். அங்கே ஐந்து சதவீதம். அப்பா பெயரை அடித்தேன், பன்னிரண்டு. அதற்குப் பிறகு விண்ணப்பத்தை எங்கே பார்த்தேன்? சதவீதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். புது லேப்டாப்போடு பேசப் போகிறேன், அது பதில் சொல்லப் போகிறது என்று கனவு. கீழேயிருந்து அக்கா கூப்பிட்டாள்.

“ஆச்சா சாமி?”

“ஆவுதுக்கா!”

ஏழாவது எண்ணில், போட்டோவை ஏற்றும் இடத்தில், பக்கம் நின்றது. வெள்ளையாக நின்றது. முப்பத்து நாலு சதவீதத்தில் அதுவும் நின்றது. உங்கள் டேட்டா முடிந்துவிட்டது என்று ஒரு செய்தி வந்தது. கார்டைப் பிடுங்கிச் சொருகினேன். ஊதிச் சொருகினேன். கருப்பனாரைக் கும்பிட்டுச் சொருகினேன். சாமி என்ன ரீசார்ஜா செய்யும்?

தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு டீக்கடைக்கு ஓடினேன். அங்கேதான் ரீசார்ஜும் செய்வார்கள். கடையில் பூட்டுத் தொங்கியது. கடைக்கார அண்ணன் குடும்பத்தோடு அருவிக்குப் போயிருந்தார். நேரம் பன்னிரண்டுகூட ஆகியிருக்காது. அப்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் அக்கா யார் காலிலாவது விழுந்து, போகிற வண்டியை மறித்து, மலை இறங்கியாவது அடிவாரத்துக் காரவள்ளியிலோ அதற்கு அப்பாலோ எங்கேயாவது அனுப்பியிருப்பாள். ஐந்து மணி நேரம் இருந்தது. எனக்குப் பயம். திரும்பிப் போய்ப் பாறையில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கி வந்தேன்.

“போயிருச்சா?” என்றாள் அக்கா.

“போயிருச்சுக்கா.”

அவள் இரண்டு கையாலும் என் முகத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்துச் சொடுக்கினாள். தீட்டு என்று தொடாமல் இருக்க வேண்டியவள், அதை மறந்துவிட்டாள். பிறகு கேட்டாள்.

“தாளைத் திருப்பிப் பாத்தியா?”

எந்தத் தாளை, எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. எதைக் கேட்டாலும் ஆமாம் போடுகிற நிலையில் இருந்தேன். “பாத்தேன்” என்றேன்.

“சந்தோசமா?”

“சந்தோசங்க்கா.”

ஒன்பதாம் நாள் பிடிபட்டேன். மறுபடியும் நெட் போட்டு, விண்ணப்ப எண்ணைப் பார்க்க அக்காவே பாறை ஏறினாள். முழுமை பெறாத விண்ணப்பம், காலம் கடந்துவிட்டது என்று வந்திருக்கிறது. இறங்கி வந்தவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் லேப்டாப்பை அந்தத் தாவணித் துணியால் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள். அப்புறம், “உடு சாமி” என்றாள். அவ்வளவுதான். அப்பாவிடம், தன் மார்க்குக்கு இடம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். “போவுது உடு கண்ணு” என்றார் அப்பா. தை மாதம் கல்யாணம் நடந்தது. தப்பித்தோம் என்று நான் பந்தியில் இரண்டு தரம் பாயாசம் வாங்கிக் குடித்தேன். 

போகும்போது அக்கா லேப்டாப்பை எனக்கே விட்டுப் போனாள். அதில் கற்றதுதான் எனக்கு இன்று சோறு போடுகிறது. இரண்டு வருடத்தில் அந்தக் காக்கா என்னையும் தொட்டது. கல் வரிசைக்கு இந்தப் பக்கம் நின்று பாறையை அண்ணாந்து பார்த்தபோதுதான், அன்றைக்கு அவள் எத்தனை நேரம் அப்படி நின்றிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். பத்தடி தூரம். ஏறி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கருப்பனார் ஒன்றும் செய்திருக்க மாட்டார்.

அக்காவுக்கு இப்போது இரண்டு பெண்கள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால், “புதுசா என்னடி வந்திருக்குது, கம்ப்யூட்டரு?” என்பாள். சொல்லுவேன். பொறுமையாகக் கேட்பாள்.

போன மாதம், அவள் பெரிய பெண்ணுக்கு ஆகுமா என்று அந்தப் பழைய லேப்டாப்பை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். உயிர் இல்லை. பையின் பக்கவாட்டு உறையில் சார்ஜரோடு நாலாக மடித்த ஒரு முழுத்தாள் இருந்தது. அக்காவின் கையெழுத்து. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக வந்து, பன்னிரண்டாவதாக, கடைசியாக, இப்படி இருந்தது: எல்லாம் முடிஞ்சதும் தாளைத் திருப்பு.

திருப்பினேன்.

“போயிருச்சா? இனி மிச்ச நெட்டு பூரா உனக்கு. உன் பத்தை எறக்கிக்க கண்ணு. அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்.”