புளித் தண்ணீரில் நுரைத்த கல்

எங்கள் வரவேற்பறை அலுமாரியில் இருப்பது கல். மற்ற வீடுகளில் அந்தத் தட்டில் பீங்கான் கோப்பைகளும் கலியாணப் படமும் பிள்ளைகள் வென்ற கிண்ணங்களும் இருக்கும். ஒஸ்லோவில், புருசெத்தில் இருக்கிற எங்கள் அடுக்குமாடிப் புளொக்குக்கு வருகிற சனம் ஒருதரமாவது அந்த அலுமாரிக்கு முன்னால் நின்று, இதெல்லாம் என்ன என்று கேட்கும். நானும் ஒவ்வொரு முறையும் ஆசையாகச் சொல்லத் தொடங்குவேன். இரண்டாவது வசனம் முடிய முதல் அவர்கள் தேத்தண்ணிப் பக்கம் திரும்பிவிடுவார்கள். கேளாமலே விட்டிருக்கலாம். கேட்டுவிட்டுக் காதைக் கொண்டு போகிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்காது.

மகள் சின்ன வகுப்பில் படித்த காலத்தில், பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குத் துணைக்கு ஆள் தேவை என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒஸ்லோவில் இருந்து மேற்கே, வெள்ளிக்கும் செம்புக்குமாகப் பல தலைமுறைகள் மலையைக் குடைந்த பழைய சுரங்கப் பகுதி. அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளிக் கம்பி ஒன்றைக் கண்டேன். தட்டான் அடித்து நீட்டியதல்ல. கல்லுக்குள்ளே தானாக வளர்ந்து, தென்னந்தும்பு மாதிரிச் சுருண்டு, கல்சைற் என்கிற வெள்ளைச் சுண்ணக் கல்லில் இருந்து வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளி என்றால் காப்பும் கொலுசும் என்று மட்டும் நினைத்திருந்த எனக்கு அது பெரிய அதிசயம். பிள்ளைகள் வெளியே போய்ச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்த பிறகும் நான் அந்த இடத்திலேயே நின்றேன். பிடித்தால் விடாத குணம் எனக்கு.

அன்றிலிருந்துதான் இந்த வியாதி. வேலை எனக்கு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில், இரத்த மாதிரிகளோடு. ஊரில் உயர்தரத்துக்கு இரசாயனம் படித்தவள், இங்கேயும் அதையே தொடர்ந்து படித்தேன். ஆகவே கல்லைப் படிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. மலையின் வெடிப்புகளுக்குள் சூடான தண்ணீர் ஏறி, ஆறி, கல்சைற்றாகப் படிகிறது. அதற்குள் வெள்ளி கம்பியாக வளர்கிறது. பக்கத்தில் ஊதா நிறப் புளோரைற் படிகம். சில இடத்தில் வெள்ளியின் மேல் கரிக்கட்டை போலக் கறுப்புப் படிகம் இருக்கும். அதன் பெயர் அகந்தைற், வெள்ளியும் கந்தகமும் சேர்ந்தது. செம்பு கிடைக்கிற பக்கத்தில் செம்பின் மேல் வெல்வெட் துணி ஒட்டியது போலப் பச்சை மலகைற். அந்தக் கறுப்பும் பச்சையும் ஊத்தையல்ல, அவையும் கனிமங்கள், வெள்ளியை விட அவற்றைத் தேடி அலைகிறவர்களும் உண்டு என்று சாப்பாட்டு மேசையில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! என் மனுசன் பஸ் ஓட்டுகிறவர், கெட்ட மனிதர் அல்ல, நான் சொல்லும்போது தலையை ஆட்டிக்கொண்டே பருப்புச் சட்டியை இழுப்பார். செவிடன் காதில் ஊதிய சங்கு.

கல் சேர்ப்பவர்களின் சங்கம் ஒன்றில் நான் உறுப்பினர். அநேகமாக ஓய்வு பெற்ற நோர்வேஜிய ஆண்கள். நல்ல சனம், போத்தலில் கோப்பி கொண்டுவந்து எனக்கும் ஊற்றித் தருவார்கள். ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகும், எங்கும் கிடக்கிற குவாட்ஸ் கல் என்றால் என்ன என்று எனக்கு விளங்கப்படுத்துவார்கள். அன்பாகத்தான். அன்பாகச் சொல்வதால் திருப்பி ஒன்றும் சொல்ல முடியாது, சிரித்துக்கொண்டு கேட்க வேண்டும். இலையுதிர் காலத்தில் சங்கம் ஒரு கண்காட்சி வைக்கும். அதில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அந்த வருடம் உறுப்பினர்கள் தங்கள் கையாலேயே கண்டெடுத்தவற்றுக்கு. அதில் ஒரு இடம் கிடைத்தவருக்கு அதற்குப் பிறகு ஒருவரும் குவாட்ஸ் பற்றிப் பாடம் எடுப்பதில்லை. எனக்கு அந்த இடம் வேண்டும். கௌரவம், பெருமை, என்னவென்றும் சொல்லுங்கள். எனக்கு வேண்டும்.

போன கோடையில் அது கைக்கு வந்தது. காணிக்காரரிடம் சங்கம் அனுமதி வாங்கி, பழைய கழிவுக் கல் மேடு ஒன்றைக் கிளறப் போனோம். மழைத் தூறல். முழங்காலில் இருந்து கிளறிக்கொண்டிருந்தபோது உள்ளங்கை அளவில் ஒரு கல்சைற் துண்டு. அதற்குள் மயிர் போல மெல்லிய வெள்ளிக் கம்பிகள், கம்பிகளின் அடியில் கறுப்பாய், மூலைகள் தெளிவாய்ச் சின்னச் சின்னப் படிகங்கள். அதே மேட்டில் மலகைற் பிடித்த செம்புத் துண்டு ஒன்றும் எடுத்தேன், ஆனால் அது தேடுகிற எவருக்கும் கிடைக்கும். முதலாவதுதான் அதிசயம்.

கண்காட்சிக்குப் பொறுப்பானவர் சங்கத்திலேயே மூத்தவர், எந்தக் கல்லையும் பார்த்துச் சொல்லக்கூடியவர். அன்று மேட்டுக்கு வராத அவர், என் கைபேசியில் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: கழுவாதே, துடைக்காதே, ஊதவும் ஊதாதே, கிடந்தபடியே கொண்டு வா, பூதக்கண்ணாடியில் பார்த்து அந்தக் கறுப்பு நான் நினைப்பதுதான் என்றால் பெட்டியின் நடுவில் வைப்போம். நடுவில்! வீட்டுக்கு வந்து என் மனுசனிடம் சொன்னேன். சந்தோசம் என்றார். கல்லைப் பஞ்சு விரித்த பெட்டியில் வைத்து அலுமாரிக்குள் வைத்தேன். ஒருவரும் தொடக்கூடாது என்றும் சொன்னேன். ஓம் ஓம் என்றார்.

இதற்கிடையில் நவராத்திரி வந்தது. எங்கள் வீட்டில் சரஸ்வதி பூசையைக் கொஞ்சம் பெரிதாகவே செய்வோம். அவரவர் தொழிலுக்கும் படிப்புக்கும் உதவுகிறதைக் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து அம்மனுக்கு முன்னால் வைக்க வேண்டும். மகளுடைய புத்தகங்கள், மடிக்கணினி, அவருடைய சாரதி அனுமதிப் பத்திரம், கார்த் திறப்பு எல்லாம் வருடா வருடம் வரிசையாக இருக்கும். முந்தின வருடம் நான் கேட்டேன், என்னுடையது எங்கே என்று. 'உமக்கு அகப்பைதானே,' என்று பகிடி விட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. அதை அந்த மனுசன் மனதில் வைத்திருந்திருக்கிறார்.

பூசையன்று எனக்கு வேலை, அவருக்கு லீவு. பின்னேரம் வீட்டுக் கதவைத் திறந்தபோதே சாம்பிராணிப் புகை. அவருடைய தங்கை, எனக்கு மச்சாள், லோறென்ஸ்கூக்கில் இருந்து சுண்டலோடு வந்திருந்தா. சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சாமித்தட்டைப் பார்த்தேன். கும்பத்துக்கு முன்னால், மகளின் பழைய புத்தகங்களுக்கும் கார்த் திறப்புக்கும் நடுவில், வெற்றிலையில் என் கல். வெள்ளிக் கம்பிகள் பளபளவென்று மினுங்குகின்றன. உச்சியில் சந்தனப் பொட்டு. பக்கத்தில் செம்புத் துண்டு, ஒரு பொட்டுப் பச்சை இல்லாமல், புதிதாக வாங்கின குத்துவிளக்கு மாதிரி.

அவர் பின்னால் வந்து நின்றார். குரலில் அப்படி ஒரு சந்தோசம்.

"பாருமன். உம்மட ஆயுதம் இந்த முறை நடுவிலை. காலமை முழுக்க மினக்கெட்டனான். பழப்புளியும் தேசிக்காயும் கரைச்சு ஊறப்போட, உடனை நுரைச்சு ஊத்தையெல்லாம் கழண்டு வந்தது. பிறகு திருநீறு போட்டுத் தேய்ச்சனான்."

நுரைத்தது ஊத்தையல்ல. கல்சைற். பாடசாலைப் பிள்ளைக்கும் தெரியும், கல்சைற்றில் அமிலம் பட்டால் நுரைக்கும், நுரைத்தால் கல் கரைகிறது என்று அர்த்தம். வெண்ணெய் திரண்டு வரத் தாழி உடைந்த கதைதான். கண்ணாடி போல இருந்த வெள்ளைக் கல் சுண்ணாம்புக் கட்டி மாதிரி மங்கிப்போய்க் கிடந்தது. கறுப்புப் படிகம் ஒன்றுகூட இல்லை. களிம்பு என்று நினைத்து மலகைற்றைச் சுரண்டியிருக்கிறார், கறுத்த வெள்ளிக் கொலுசு என்று நினைத்து அகந்தைற்றைத் தேய்த்து எடுத்திருக்கிறார். சாமிச் சாமான் துலக்குகிற எந்தத் தமிழ் வீட்டிலும் செம்புக்குப் புளி, வெள்ளிக்குத் திருநீறு. அவர் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் எனக்கு ஆற்றாமை. கோபத்தைக் கொண்டுபோய் வைக்க ஒரு இடம் இல்லை.

"ஆரைக் கேட்டுக் கழுவினனீங்கள்?" என்று மட்டும் கேட்டேன்.

அவருக்கு விளங்கவில்லை. கம்பி இரண்டு மூன்று கழன்றதாகவும், வெள்ளிதானே என்று எறியாமல் திருநீற்றுப் பேணிக்குள் போட்டு வைத்திருப்பதாகவும் சொன்னார். மச்சாள் எட்டிப் பார்த்து, இப்போதுதான் கல் பார்க்க லட்சணமாகக் கிடக்கிறது என்றா. எனக்குக் கைநீட்டி அந்தக் கல்லை எடுக்க வேண்டும், ஈரத்தையாவது ஒற்ற வேண்டும், மிச்சம் என்ன என்று பார்க்க வேண்டும். ஆனால் அம்மனுக்கு முன் வைத்ததை விஜயதசமி காலைவரை தொடக்கூடாது. அது எங்கள் வீட்டில் நானே கண்டிப்பாக வைத்திருக்கிற சட்டம். மகள் சின்ன வயதில் பரீட்சைக்குப் புத்தகம் வேண்டும் என்று அழுதபோதும் விடவில்லை. ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு நின்று தேவாரம் பாடினேன். கற்பூரம் காட்டும்போது அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். திரும்பிச் சிரிக்க எனக்கு வரவில்லை.

அன்றிரவு சண்டை பிடித்தேன், மறைக்க என்ன இருக்கிறது. அவர் முதலில் நம்பவில்லை. வெள்ளி இன்னும் இருக்கிறதே, மினுக்கமும் கூடத்தானே இருக்கிறது என்றார். விளங்கப்படுத்தினேன். தலையை ஆட்டினார். பிறகு, அந்த மூத்தவரிடம் கொண்டுபோய்க் காட்டுவோம், ஏதும் செய்யலாம் என்று சொன்னார், கீறு விழுந்த காரைக் கராச்சுக்குக் கொண்டு போவோம் என்பது போல. ஒன்றும் செய்ய ஏலாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் குருட்டு நம்பிக்கை என்று ஒன்று இருக்கிறதே. ஞாயிற்றுக்கிழமை போனோம். அவரும் கூடவே வந்தார், பெட்டியைத் தானே தூக்குவேன் என்று மடியில் வைத்துக்கொண்டு.

சங்கத்தின் அறையில் மூன்று நான்கு பேர் மேசைகளில் கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் பெட்டியைத் திறந்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு மெதுவாக, இதை யார் கழுவினது என்று கேட்டார்.

நான் என் மனுசனைப் பார்த்தேன். அவர் கல்லைப் பார்த்தார். சொல்லுவார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த மேசைக்காரர்களும் கையை நிறுத்திவிட்டார்கள். இவர்தான் என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். புளி, திருநீறு, பூசை, வெற்றிலை, சந்தனப் பொட்டு எல்லாம் வெளியே வரும். இனி வருகிற ஒவ்வொரு கோப்பிக்கும் அது ஒரு கதை. அவர்கள் கெட்ட எண்ணத்தோடு சிரிக்கமாட்டார்கள், அன்பாகத்தான் சிரிப்பார்கள். என் மனுசன் ஒரு காலமை முழுக்கக் குனிந்திருந்து தேய்த்ததற்கு அவர்கள் சிரிக்க எனக்குப் பொறுக்காது.

நான்தான் கழுவினேன் என்று சொன்னேன்.

மூத்தவர் ஏசவில்லை. ஒரு கதிரையை இழுத்துவிட்டு என்னை இருக்கச் சொன்னார். கல்சைற் என்பது என்ன, அமிலம் பட்டால் அதற்கு என்ன நடக்கும், கறுப்பாக இருந்தது அழுக்கல்ல, அது வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த கனிமம் என்று ஆறுதலாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல எல்லாம் சொன்னார். கடதாசியில் படமும் கீறிக் காட்டினார். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். என் மனுசன் குனிந்து அந்தப் படத்தைக் கவனமாகப் பார்த்தார், இடையில் இரண்டு கேள்வியும் கேட்டார். கடைசியில் மூத்தவர், கண்ணாடிப் பெட்டிக்குள் இனி வைக்க ஏலாது, விரும்பினால் பிள்ளைகளின் மேசையில் வைக்கலாம், கல்லை எப்படிக் கழுவக்கூடாது என்று காட்டுவதற்கு என்றார். நான் வாய் திறக்க முதல் என் மனுசன், அது நல்ல யோசனை என்றார். நான் பெட்டியை மூடிக் கைப்பைக்குள் வைத்தேன்.

திரும்பி வரும்போது ரயிலில் அவர் எனக்குப் பக்கத்தில் இருந்தார். நான்தான் கழுவினேன் என்று சொன்னதைப் பற்றி ஏதாவது சொல்லப்போகிறார் என்று காத்துக்கொண்டிருந்தேன். ஏன் சொன்னீர் என்றாவது கேட்கலாம். புருசெத்துக்கு ஒரு தரிப்பிடம் இருக்கையில் என் பக்கம் திரும்பினார்.

"நல்ல மனிசன் என்ன? எவ்வளவு வடிவா விளங்கப்படுத்தினவர். அந்தக் கறுப்பு ஊத்தை இல்லையாம், அதுவும் ஒரு கனிமமாம். எனக்கு இண்டைக்குத்தான் விளங்கினது."

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை, குத்தலும் இல்லை. புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்ட சந்தோசம்தான் இருந்தது.

"ஓம்," என்றேன். "வடிவாத்தான் விளங்கப்படுத்தினவர்."