உடையாத கைக்கு ஒரு கட்டு

திருடர்களைப் பற்றி எங்கள் மாமாவுக்குத் தெரியாதது எதுவுமில்லை. அவரிடமிருந்து யாரும் ஒரு செருப்பைக்கூடத் திருடியதில்லை என்பது வேறு விஷயம்.

காணிப்பாக்கம் கோயிலில் அக்காவுக்குக் கல்யாணம். முதல் நாளே நாகலாபுரத்திலிருந்து மாமாவின் வேனில் கிளம்பினோம். சீட்டுகளைக் கழற்றிவிட்டு மெத்தையும் கேஸ் அடுப்பும் வைத்த வேன். எல்லா வசதியும் உண்டு, பின்கதவுப் பூட்டு மட்டும் வேலை செய்யாது.

வழியில் திருப்பதியில் பட்டு எடுக்க வேண்டும். நகையை வேனில் விட்டால் திருடு போகும், கடைத்தெருவுக்குக் கொண்டுபோனால் பறித்துக்கொண்டு ஓடுவார்கள். மாமா யோசித்துக் கண்டுபிடித்த பெட்டகம் என் இடது கை. எனக்கு அப்போது எட்டு வயது. அக்காவின் வளையல்களை மாட்டி, ஆரத்தைச் சுற்றி, மேலே மூங்கில் பத்தை வைத்து, எலும்பு முறிவுக்குப் புத்தூரில் கட்டுவதைப் போலவே துணியால் கட்டினார். வளையல் சத்தம் கேட்காதிருக்க இன்னும் இரண்டு சுற்று இறுக்கினார்.

"எவன் கேட்டாலும் கை ஒடஞ்சிபோச்சின்னு சொல்லு. யாரு வந்தாலும் அவுக்க உடாத, இன்னா?"

"ரொம்ப இறுக்காதண்ணா" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுப் பட்டுக்கான பணத்தை எடுத்துவைத்தாள்.

திருப்பதியில் வேனைத் தெருவோரம் நிறுத்தி, என்னை மெத்தையில் படுக்கவைத்துவிட்டுக் கடைக்குப் போனார்கள். கை முதலில் வலித்தது, பிறகு எரிந்தது, பிறகு என்னுடையதாகவே இல்லை. சத்தமில்லாமல் அழுதேன். பக்கத்தில் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த பெண் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, பின்கதவைத் திறந்து ஏறினாள்.

"பாப்பா, வெரலெல்லாம் கறுத்துக்கினு வருது. கட்ட அவுத்துடறேன், இரு."

முடிச்சில் கை வைத்தாள். அந்தக் கையைக் கடித்தேன். திருடி, திருடி என்று கத்தினேன். ஆட்கள் ஓடிவந்து அவளை மயிரைப் பிடித்து இழுத்துப்போட்டு அடித்தார்கள். அடிபட்டுக்கொண்டே, "அந்தக் கொயந்த கையப் பாருங்க" என்றுதான் சொன்னாள். ஒருவரும் பார்க்கவில்லை. நானும்தான். இதை எழுதும்போது உடம்பு கூசுகிறது.

சாயங்காலம் திரும்பிய மாமா விஷயத்தைக் கேட்டு என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அம்மா கட்டை அவிழ்த்தாள். நகை எதுவும் குறையவில்லை. விரல்கள் அசையவில்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"ஏம்மா அழுவுற? எல்லா நகையும் கீதே" என்றேன்.

கல்யாணம் குறித்த நேரத்தில் நடந்தது. ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் கிடந்தும் என் விரல்கள் மடங்கியது மடங்கியதுதான். பள்ளிக்கூடத்தில் அவற்றைக் காட்டி, நான் திருடியைப் பிடித்த கதையைப் பல வருடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அவள் வந்தது என் கைக்காக என்று அந்த வருடங்களில் எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.