மூஞ்சூறுக்கு மஞ்சள் குளியல்

என் நாத்தனாரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை. கடைசியில் மனம் இளகிவிடுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு சின்சில்லா இருந்தது. எலி இனம்தான், ஆனால் முயல்குட்டி அளவு இருக்கும். சாம்பல் நிறம், புசுபுசுவென்று வால். திருப்பதியில் நான் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனை லேப்பில் கூட இருந்த பெண், வெளிநாடு போகும்போது கூண்டோடு என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். குளிர்ந்த மலையில் வாழும் பிராணி அது. திருப்பதி வெயிலில் அதை வளர்ப்பது லேசுப்பட்ட காரியமா? பகல் முழுக்க ஏசி ஓட வேண்டும். கூண்டுக்குள் ஒரு கிரானைட் துண்டு போட்டிருந்தேன், அதன்மேல் வயிறு படப் படுத்துக் கிடக்கும். காது சிவந்தால் உடம்பில் சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம். சாப்பிடக் காய்ந்த புல், பல்லைத் தேய்க்கக் கொய்யாக் குச்சி. இனிப்பு ஆகவே ஆகாது.

தண்ணீரும் மேலே படக் கூடாது. ஒவ்வொரு மயிர்க்காலிலும் கொத்தாக முடி வளர்ந்திருக்கும், நனைந்தால் உள்ளே காயாமல் உடம்பு சில்லிட்டுப் போகும். அதற்குக் குளியல் மண்ணில்தான். மாவு போல நைசான மண்ணை ஒரு சட்டியில் வைத்தால் உள்ளே குதித்து உருண்டு புரண்டு, அறை முழுக்கத் தூசி பறக்கவிட்டு எழுந்து வரும். நான் நகரியில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். பட்டுப்புடவையைத் தண்ணீரில் முக்காதே என்றால் எனக்குப் புரியும். அதுபோலத்தான் இதுவும்.

என் கணவர் மலைக்குப் பக்தர்களை ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறார். முதல் மாதம் "எலிக்கு ஏசியா?" என்று சிரித்தவர், பிறகு டூட்டி முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கூண்டைத் திறக்க ஆரம்பித்தார். அது அவர் தோளில் ஏறிக் காது மடலைக் கொறிக்கும். என்னோடு பேசியதைவிட அதனோடுதான் அவர் அதிகம் பேசினார்.

அவருடைய அக்கா சித்தூரில் இருக்கிறாள். விநாயகர் சதுர்த்திக்குத் தவறாமல் தம்பி வீட்டுக்கு வந்துவிடுவாள். போன சதுர்த்தியன்று எனக்கு லேப், அவருக்கு மலை. பூஜையை அவளே செய்துவிடுவதாகச் சொன்னாள். சாவியைக் கொடுத்துவிட்டுப் போனேன். பதினொரு மணிவாக்கில் போன் செய்தாள். நான் ஒருவர் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். "சரி அண்ணி, சரி" என்று சொல்லி வைத்தேன்.

மத்தியானம் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. மண் பிள்ளையாருக்கு முன்னால் பலகை. பலகையில் என் சின்சில்லா. தலையிலிருந்து வால்வரை மஞ்சள் தண்ணீர் சொட்டுகிறது. நெற்றியில் குங்குமம், கழுத்தில் அருகம்புல் மாலை, எதிரே தட்டு நிறையக் கொழுக்கட்டை. "எங்க வீட்டு மூஞ்சூறு" என்று எழுதியிருந்தாள். விஜயபுரம், வெதுருகுப்பம் என்று ஊர் ஊராகச் சொந்தங்கள் கும்பிடும் கைகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

பாதி லீவு போட்டு ஓடினேன். அது ஒரு மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தது. ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து எவ்வளவு காட்டியும் உள்முடி ஈரம் போகவில்லை. மறுநாள் புழுக்கை போடுவது நின்றுவிட்டது. இந்த ஜாதிப் பிராணிக்குக் குடல் நின்றால் உயிர் நின்ற மாதிரி. தூக்கிப்போய்க் காட்டினால், மாடுகளுக்கு வைத்தியம் பார்த்தே பழகிய டாக்டர், "இதி எலுகா, குந்தேலா?" என்று கேட்டார். எலியா முயலா என்றுகூடத் தெரியவில்லை. பாவம், தெரிந்த மருந்தைக் கொடுத்தார். புல்லைப் பொடித்துக் கரைத்து சிரிஞ்சில் ஊட்டினேன். மூன்றாம் நாள் காலை என் கணவர் கையிலேயே செத்துப்போனது. அந்த மனிதர் தேம்பி அழுததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

கூண்டைக் கழுவும்போது மூலையில் கொழுக்கட்டைப் பூரணம் கிடந்தது. போனில் கேட்டேன்.

"நான் ஒண்ணும் குட்க்கலம்மா. சாமிக்குப் படைச்சேன், அவ்ளோதான்" என்றாள்.

பொய். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கொன்றதும் இல்லாமல் சாமி பெயரைச் சொல்லித் தப்பிக்கிறாளே!

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. திருட்டோ சொத்துத் தகராறோ, "காணிப்பாக்கம் வர்றியா?" என்று கேட்பார்கள். கோயில் குளத்தில் முங்கி, ஈரத்துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று பிரமாணம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவனை அவர் விடமாட்டார் என்று பயந்து, பாதிப் பேர் குளத்துப் படியிலேயே உண்மையைக் கக்கிவிடுவார்கள். நான் அவளைத் தனியாகக் கேட்கவில்லை. கும்பிடும் கைகள் குவிந்த அதே குழுவில் கேட்டேன். "எலிக்காகவா பிரமாணம்?" என்று ஊரே சிரித்தது. சிரிக்கட்டும். படியில் நின்று அவள் முகம் வெளுப்பதை ஒரு மாதமாக மனசுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

வந்தாள். பழைய புடவை கட்டியிருந்தாள். என் கணவர் எங்களைக் குளத்தருகே இறக்கிவிட்டு ஜீப்பை நிறுத்தப் போனார். அவள் குளத்தில் இறங்கி மூன்று முறை முங்கி எழுந்தாள்.

"குட்த்தேன். ஒரு கொழுக்கட்டை. பாதி துன்னுச்சு. பயந்துகினு இல்லன்னு சொல்லிட்டேன். தப்புதான்" என்றாள்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"இப்ப நீ முங்கு" என்றாள். "தலைக்கு ஊத்தட்டுமா, கொழுக்கட்டை வைக்கட்டுமான்னு உனக்கு போன் பண்ணிக் கேட்டேனா இல்லையா? நீ இன்னா சொன்னே?"

சரி அண்ணி, சரி. அதுதான் நான் சொன்னது. அவள் கேட்டதும் என் காதில் விழுந்தது. வேலை நடுவில் நச்சரிக்கிறாளே என்ற எரிச்சலில், எப்படியோ போனை வைத்தால் போதும் என்று சொன்னேன். அது செத்த நாளிலிருந்து எனக்கு இது தெரியும்.

"இதை முன்னாடியே குரூப்புல சொல்லியிருக்கலாமே" என்று முனகினேன்.

"சொன்னா என் தம்பி உன் மூஞ்சியில முழிப்பானா?"

அதற்குள் அவர் வந்துவிட்டார். "இன்னா சொன்னா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் செருப்பைக் கையில் பிடித்தபடி காய்ந்த படியில் நின்றேன்.

"நான்தான்டா குட்த்தேன். வேற யார் மேலயும் தப்பு இல்ல" என்று அவரிடம் சொல்லிவிட்டு, சொட்டச் சொட்டக் கோயிலுக்குள் போனாள். அவர் அக்காவோடு இன்றுவரை சரியாகப் பேசுவதில்லை. நானும் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

திரும்பும்போது ஜீப்பில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அவள் புடவையின் ஈரம் என் புடவையிலும் ஏறியது. நான் தள்ளி உட்கார்ந்தேன்.