அப்பா சொல்லச் சொன்னது

பூதலூர் மேகலாவின் வீட்டில் ஒரே கூடம், ஒரே அடுப்படி. ஆனால் அப்பாவும் அம்மாவும் நேருக்கு நேர் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. அப்பா குணசேகரன் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "ரசம் இருக்கான்னு உங்கம்மாகிட்ட கேளு" என்பார். கை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரத்தில் நிற்கும் அம்மா பிரகதாம்பாள், "இருக்குன்னு சொல்லு" என்பாள். இரண்டையும் மேகலா எடுத்துச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் ரசம் வராது. மூன்றாம் வகுப்பிலிருந்து அவளுக்கு இந்த உத்தியோகம். சம்பளமும் இல்லை, லீவும் இல்லை.

சண்டைக்குக் காரணம் சின்னதில்லை. பூம்புகார்ப் பக்கம் இருந்த அம்மாவின் அப்பா ஒரு தை மாதம் விடியற்காலையில் இறந்துபோனார். அன்றைக்குத்தான் அறுவடை மெஷின் இவர்கள் வயலுக்கு வரும் முறை. மழையில் சாய்ந்த கதிர். மெஷினை விட்டால் அது அடுத்த ஊருக்குப் போய்விடும், நெல் முளைத்துவிடும். "மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும், சேந்தே போவோம்" என்றார் குணசேகரன். சாவு வீட்டுக்குப் புருஷன் இல்லாமல் தனியாகப் போய் நின்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அவளும் அழுதுகொண்டே காத்திருந்தாள். மெஷின் நடு வயலில் சேற்றில் இறங்கிக்கொண்டது. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது, சுடுகாட்டுக்குப் போன ஆண்கள் குளித்து ஈரத்துண்டோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அப்பன் முகத்தைக் கடைசியாக ஒருதரம் பார்க்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அன்றோடு பேச்சு நின்றது. "எம்மேலதான் தப்பு" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் பேசியிருப்பாள். சொல்லவில்லை. நெல்லைக் காப்பாற்றினோமே என்ற வீம்பு. அந்த வீம்பை எந்தக் கொள்முதல் நிலையத்தில் எடுத்துக்கொள்வார்கள்?

ஊரடங்கில் பள்ளிக்கூடம் செல்போனுக்குள் வந்தபோது மேகலா ஒரு ஜப்பான் கார்ட்டூன் தொடரை, அனிமேயை, பிடித்தாள். அதில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண். எதிரே நிற்பவர் மனசில் நினைப்பதெல்லாம் அவள் காதில் விழும். பாடம் நடத்தும் வாத்தியாரின் மனசில் மீன் வறுவல் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்து பெஞ்சுப் பையன் வெளியே உம்மணாமூஞ்சி, உள்ளே இவளை நினைத்து உருகு உருகென்று உருகுவான். அதைக் கேட்டு இவளுக்குக் காது சிவந்து, கேட்ட கேள்விக்குப் பதில் மறந்துபோய் வாத்தியாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். கீழே ஓடும் ஆங்கிலத்தை மேகலா தமிழில் சொல்லச் சொல்ல, அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கண்ணீரோடு சிரிப்பாள்.

"ஏண்டி, இந்தப் பொண்ண நம்ம வீட்டுக்குக் கொண்டாந்தா உனக்கு வேலை போயிரும்போல."

அங்கேதான் மேகலாவுக்குப் புத்தி ஓடியது. அப்பா மனசுக்குள்ளும் இப்படி ஏதாவது இருக்கும்தானே? இல்லாவிட்டால் நாமே வைத்துவிட்டால் என்ன? அடுத்த வேளையே, "ரசம் இருக்கான்னு கேளு" என்பது, "உன் கை ரசம் இல்லாட்டி அப்பாவுக்குச் சோறே எறங்கலயாம்" என்று மாறிப் போனது. "குடை ஆணியில மாட்டியிருக்குன்னு சொல்லு" என்பது, "மழையில நனையாதீங்க, உங்களுக்கு ஒத்துக்காதுன்னு அம்மா சொல்லச் சொல்லுச்சு" என்று போய்ச் சேர்ந்தது. சொந்தச் சரக்கு தீர்ந்தபோது அந்த அனிமேப் பையனிடமே கடன் வாங்கினாள்.

"நீ பக்கத்துல நடந்தா மழை விட்ட மாதிரி இருக்குன்னு அப்பா சொன்னாங்கம்மா."

"யாரு, உங்கப்பாவா? போன வாரம் அந்தப் பய குடைக்குள்ள நின்னு நெனச்சதுதானே இது? போடி!" அம்மா சிரித்துவிட்டாள். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள்.

அப்பா அனிமே பார்த்ததில்லை. அவர் அத்தனையும் நம்பினார். "அவளா சொன்னா?" என்று இன்னொருதரம் கேட்டுக்கொள்வார். அன்றைக்கு அவர் வயலுக்குப் போகிற நடையே வேறு. மேகலாவுக்குப் பெருமை பிடிபடாது. ஆனால் அந்த ஒரு வார்த்தையை மட்டும், தப்பு என்மேல் என்பதை மட்டும், அவள் ஒருநாளும் இட்டுக்கட்டவில்லை. அது அப்பா வாயிலிருந்தே வர வேண்டியது என்று வைத்திருந்தாள். கல்லூரி முடித்து இ-சேவை மையத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அப்படியே வைத்திருந்தாள்.

போன ஐப்பசியில் நடவு வயலில் குணசேகரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். தஞ்சாவூரில் ஆஸ்பத்திரி. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் விட்டார்கள். மேகலா உள்ளே போனபோது அவர் முகத்து மாஸ்க்கை விலக்கினார்.

"அன்னைக்கு மெஷினத் திருப்பி அனுப்பிட்டு அவள அழச்சிட்டுப் போயிருக்கணும் பாப்பா. தப்பு எம்மேலதான். உங்கம்மாகிட்ட சொல்லு."

"அம்மா வெளியிலதான்பா இருக்கு. அழச்சிட்டு வர்றேன், நீங்களே சொல்லுங்க."

"எனக்கு வராது. நீ சொன்னாத்தான் அழகா இருக்கும்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "அவ கோவம் எப்பவோ ஆறிப்போச்சு, எனக்குத் தெரியும். எத்தனை சேதி சொல்லியனுப்பியிருக்கா."

அவள் வெளியே ஓடி, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அம்மாவிடம் சொன்னாள்.

பிரகதாம்பாள் மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எந்த எபிசோடுடி?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை, பாவமாகக் கேட்டாள்.

"சத்தியமா அப்பா சொன்னதும்மா. நீயே போய்க் கேளு, போ!"

அவள் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு போனாள். அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். மறுபடி திறந்தபோது அவர் வாயில் குழாய் இருந்தது, நினைவு இல்லை. அவர் தலைமாட்டில் நின்று, "என்னங்க" என்று கூப்பிட்டாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு நேராகக் கூப்பிட்டது அதுதான். அவர் கண் திறக்கவே இல்லை.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் பஸ் ஏறிப் போன சாயங்காலம், மேகலா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். "நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கேம்மா. ஆனா அந்த ஒரு வார்த்தைய மட்டும் பொய்யாச் சொன்னதே இல்ல."

பிரகதாம்பாள் மகளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"அதான் எனக்காக அதையும் சொல்லிட்டியே கண்ணு" என்றாள். "அழாத. நல்லாத்தான் சொன்ன."