கோரைக்குள் நின்ற சிவப்பு

ஆற்றில் விட்ட சாயம் எந்நேரத்தில், எவ்வளவு கரைந்து, எந்தக் கரைக்குப் போய்ச் சேரும் என்று கணக்குப் போடுவதுதான் இன்று எனக்குச் சோறு போடுகிறது. என் கணக்கை நாலு பேர் நம்பவும் செய்கிறார்கள். அவர்களுக்கு என் மாமாவின் தேங்காயைத் தெரியாது.

மாமாவின் தோட்டம் மல்லசமுத்திரம் பக்கம், ஆற்றங்கரையில். மேலே எங்கோ சாயப்பட்டறையில் திறந்துவிட்டால் ஆறு சிவப்பாக வரும். அந்தக் கோடை விடுமுறையில் அத்தை சின்ன வெங்காயம் நட்டிருந்தாள். தண்ணீர் தவறினால் பயிர் சுருண்டுவிடும். சாயம் பாய்ந்தால் கருகிவிடும். மோட்டாரை எப்போது நிறுத்துவது, எப்போது போடுவது என்பதே வீட்டில் பேச்சு.

மாமா வழி கண்டுபிடித்தார். சிவப்பின் வால் தோட்டத்துக்கு மேலேயிருந்த பாலத்தைக் கடக்கும்போது ஒரு தேங்காயைப் போட வேண்டும். காய் நம் மோட்டாரைத் தாண்டினால் சாயமும் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

“ஏனுங்க, அது மாரியாத்தாளுக்கு எடுத்து வெச்ச காயிங்க!” என்றாள் அத்தை.

“சாமி காரியந்தான் புள்ள. காய் நம்ம தோட்டத்துக்குத்தான வருது? கழுவி ஒடச்சுக்கலாம்.”

பாலத்தில் செல்போனுக்கு டவர் கிடைக்காது. அதனால் காய் போட்டுவிட்டு ஓடிவந்து சொல்லும் பதவி எனக்கு. கலெக்டரே வந்திருந்தாலும் ஒதுங்கி நிற்கச் சொல்லியிருப்பேன். சிவப்பு வந்தது, வால் தெரிந்ததும் காயைப் போட்டுவிட்டுக் கரையோடு ஓடினேன். காய் நட்டாற்றில் ஜோராக மிதந்து மோட்டாரைத் தாண்டியது. அங்கே தண்ணீரும் தெளிந்திருந்தது. “போடுங்க மாமா!” என்று கத்தியவன் நான்தான்.

குழாயில் குங்குமக் கரைசல் கொட்டியது.

அத்தை மண்வெட்டியோடு ஓடி வாய்க்காலை உடைத்துத் தண்ணீரைத் தரிசுக்குத் திருப்பினாள். அதற்குள் ஓரத்துப் பாத்திகள் நனைந்துவிட்டன. உதவப் போன நான் வாய்க்காலுக்குள் விழுந்து முழங்கால்வரை சிவந்து எழுந்தேன்.

“உங்க மாப்ளைக்கு மருதாணி வெச்சாச்சுங்க. இனிப் பொண்ணுதான் பாக்கோணும்” என்றாள் அத்தை, மூச்சு வாங்கிக்கொண்டே.

மாமா கரையில் குனிந்து பார்த்தார். மோட்டார்க் குழாய் இறங்கியிருந்த இடம் கோரைப் புதர். நடு ஆற்றில் சாயம் போய்விட்டிருக்க, கோரைக்குள் மட்டும் அது தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருந்தது.

“திருட்டுக் கோரை, மாப்ள! ஊட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்குது பாரு.”

மறுநாளே அரிவாள் எடுத்தோம். பாலத்திலிருந்து எங்கள் வேலிவரை கரைக்கு மொட்டை போட்டோம். அடுத்த முறை சாயம் வந்தபோது, தேங்காயும் சிவப்பும் சேர்ந்தே வந்து சேர்ந்தே போயின. மோட்டாரைப் போட்டதும் தெளிந்த தண்ணீர். வெங்காயம் பிழைத்தது. மாமா மீசையை முறுக்கினார்; எனக்கு மீசை இல்லாததால் காதை முறுக்கிக்கொண்டேன். காய் மாரியாத்தாளுக்கு உடைந்தது.

சாயங்காலம் சித்தி வந்தாள். மாமாவின் தங்கை, எங்களுக்கு அடுத்த கீழ்த் தோட்டம் அவளுடையது.

“ஏனுங்ணா, எப்பவும் வெளுத்துப்போயித்தான வரும்? அந்த தைரியத்துல மோட்டார நிறுத்துல. இந்தவாட்டி ரத்தமாட்டக் கெட்டியா வந்துருச்சு. மொளகா நாத்து பூராம் போச்சுங்ணா.”

“பட்டறைக்காரன் சேத்து உட்டுட்டானாட்ட இருக்குது” என்றார் மாமா, உண்மையிலேயே வருந்தி. நானும் பெரிய மனுசன் மாதிரித் தலையாட்டினேன்.

போகும்போது அத்தை ஒரு மூடித் தேங்காய் கொடுத்தாள். மாட்டுக்குக் கீழே விரிக்க ஆகும் என்று, அறுத்துக் காயப்போட்டிருந்த கோரையில் ஒரு கட்டு எடுத்து நானே சித்தியின் தலையில் தூக்கி வைத்தேன். இத்தனை காலம் சாயத்தைப் பிடித்து வைத்து, வெளுக்கவிட்டு அனுப்பி, அவள் தோட்டத்துக்குக் காவல் நின்றது அதுதான் என்று, சுமந்து போன அவளுக்கும் தெரியாது, தூக்கிவிட்ட எனக்கும் தெரியாது. கனமா இருக்குதா சித்தி என்று மட்டும் கேட்டேன்.