ஒரு சாண் தள்ளி வைத்த எலுமிச்சம்பழம்

20.11.2022 – 16.42 நொடி
13.08.2023 – 16.10 நொடி
18.02.2024 – 15.91 நொடி
14.07.2024 – 15.67 நொடி

நின்ற இடத்திலிருந்து 402 மீட்டரை ஓடி முடிக்க இளஞ்செழியனின் பழைய கான்டெஸா எடுத்துக்கொண்ட நேரங்கள் இவை. கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை விளைந்த மல்லாட்டைக் கொல்லைக்குத் தண்ணீர் இறைத்த எஞ்சினைப் பிரித்துப் பிரித்துக் கை பழகியவர் அவர். நாற்பத்தாறு வயதில் வேங்கிக்காலில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். செங்கம் ரோட்டு விடுதி ஒன்று வேப்பமரத்தடியில் போட்டுவிட்ட காரை வாங்கி, வேறு எஞ்சின் ஏற்றி, பின்சக்கரம் தள்ளும் தெருக் கார்களுக்கான பந்தயத்துக்குக் கொண்டுபோனார்.

கடைசி ஓட்டம் அந்தப் பிரிவின் சாதனை. யாரும் கை தட்டவில்லை. "வேகத்த ஏத்துற கேஸ் சிலிண்டர ஒளிச்சு வெச்சிருக்கான்" என்று பேச்சு கிளம்பியது. அக்டோபர் ஆறாம் தேதி சோதனைக்கு வர வேண்டும், தவறினால் எல்லா நேரங்களும் நீக்கப்பட்டுப் பெயரும் அடிக்கப்படும் என்று பந்தயத்தை நடத்தும் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. சாவியை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிற வாடிக்கையாளர்கள்கூட, வேலை முடியும்வரை பக்கத்தில் நிற்கத் தொடங்கினார்கள்.

அவர்கள்மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. அவருக்கே அந்த வண்டிமேல் சந்தேகம். பிப்ரவரிக்கும் ஜூலைக்கும் நடுவில் ஒரு போல்ட்டைக்கூட அவர் மாற்றவில்லை. அப்படியானால் வேறு யாரோ கை வைத்திருக்கிறார்கள். வண்டியைத் தொடுகிற இன்னொருவன் மனைவியின் தம்பி பாலாஜிதான். ஒருநாள் டூல்ஸ் பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இன்னா மாமா, என்னைப் பாத்தா திருடனாட்டம் தெரியுதா?"

"பெட்ரோல்ல எதனா கலந்தியா? இப்பவே சொல்லிடு."

பாலாஜி துணியில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் வந்தான். ஆனால் பீரோப் பக்கமே போகவில்லை.

சோதனை நாளன்று பழைய விமான ஓடுதளத்தில் நேரக் காப்பாளர் சக்கரபாணியின் ஆட்கள் டிக்கியையும் டேங்க்கையும் குடைந்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. முதல் ஓட்டம் 15.92.

"இன்னிக்கு சிலிண்டர் வீட்லயே இருக்கா?" என்று சக்கரபாணி சிரித்தார்.

கயிற்றுக்கு அப்பால் நின்றிருந்த மனைவி அன்புச்செல்விக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, போன தபா நான் பழம் வெச்சுதான ஓடுச்சு? இவங்க என்னை உள்ளயே விட மாட்டேன்றாங்க!" என்று கயிற்றைத் தாண்டி வந்தாள். ஜூலையில்தான் அவள் முதன்முதலாகப் பந்தயம் பார்க்க வந்திருந்தாள்.

இரண்டாம் ஓட்டத்துக்கு இளஞ்செழியன் மெல்லக் கோட்டை நெருங்கினார். சக்கரத்தில் கை மாட்டிக்கொள்ளும் என்ற பயத்தில், அவள் சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் தள்ளி, கோட்டின்மேல் எலுமிச்சம்பழத்தை வைத்தாள். சக்கரம் கோட்டைத் தொடும் முன்பே, வண்டி கோட்டில் நிற்பதைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. பிரேக்கை மிதித்தவர், விளக்கையே பார்த்தார். பிறகு இறங்கிக் குனிந்தார்.

கோட்டின் குறுக்கே, தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் ஓர் ஒளிக்கதிர் போகிறது. முன்சக்கரம் அதை மறைத்தால் விளக்கு எரியும். சக்கரம் அதைக் கடந்து போனதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். இப்போது சக்கரம் கதிரைத் தொடவே இல்லை. பழம்தான் மறைத்துக்கொண்டிருந்தது. சக்கரம் பழத்தை நசுக்கிக் கதிரைக் கடக்கும்வரை கடிகாரம் ஓடாது; அந்த ஒரு சாண் ஓட்டம் கணக்கில் வராமலே போய்விடும்.

வேறு யாரும் கவனிக்கவில்லை. பேசாமல் ஏறி ஓட்டினால் பழைய நேரம் மறுபடி வரும். சாதனையும் நிற்கும், சோதனையிலும் தேறிவிடலாம். கதவில் கை வைத்தபடி நின்றார். எதிரே பாலாஜி, அவர் முகத்தைப் பார்க்காமல் டயரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், இங்க வந்து பாருங்க. கேஸ் இதான்."

சக்கரபாணி முட்டி போட்டுப் பார்த்தார். பழத்தை எடுத்தார், விளக்கு அணைந்தது. வைத்தார், எரிந்தது. "அடக் கடவுளே, நானும் இந்த லைட்டத்தானய்யா நம்பினு இருந்தேன்" என்றார். பழத்தோடு ஓட்டச் சொன்னார். 15.68.

ஊர் திரும்பும் வழியில் இளஞ்செழியன் பீரோச் சாவியைப் பாலாஜியிடம் நீட்டினார்.

"வேணாம் மாமா. உள்ள சிலிண்டர் வெச்சாலும் வெச்சுடுவேன்."

"வெச்சுக்கோடா" என்று அவன் சட்டைப்பையில் போட்டார்.

அன்புச்செல்வி மட்டும் ஊர் வரும்வரை முணுமுணுத்தாள். "பழம் வெச்சதும் தப்பாம், நல்லா கீது ஞாயம்."

15.67 நீக்கப்பட்டது, 15.91 நிற்கும், உரிமையாளர்மேல் குற்றம் ஏதுமில்லை, இனிக் கோட்டின்மேல் எந்தப் பொருளும் வைக்கக் கூடாது என்று எழுதியிருந்த கடைசிக் கடிதத்தை அவர் ஒர்க்‌ஷாப் சுவரில் ஒட்டினார். அது வந்து சேர்ந்த நாள் 12.11.2024.