நாளைக்கு டெய்லரின் வலது கை

என் வீட்டுக்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘நாளைக்கு டெய்லர்’ என்றுதான் சொல்வார்கள். எப்போது போய்க் கேட்டாலும் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமல், “நாளைக்கு வாங்க, ரெடியா இருக்கும்” என்பார். என் கூடப்பிறந்த தங்கைக்கே அந்தக் கதிதான். ஆனால் தைத்துக் கொடுத்துவிட்டால் ஒருத்தரும் குறை சொல்ல முடியாது. துணியை ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே வைத்து ஒரு தேய்ப்பு. கண்ணை மூடிக்கொண்டே அது என்ன துணி, துவைத்தால் சுருங்குமா என்று சொல்லிவிடுவார். அந்தத் திமிர் அவருக்கு உண்டு. எனக்கும் அதில் பங்கு உண்டு.

கடையிலிருந்த ஆளுயரக் கண்ணாடியை இடம் மாற்ற வேண்டியிருந்தது. “இருங்க, நானும் ஒரு கை பிடிக்கிறேன்” என்று நான் சொல்லச் சொல்ல, தனியாகத் தூக்கினார். சொன்ன பேச்சைக் கேட்டால்தானே! கண்ணாடி உடைந்து, வலது முழங்கைக்குக் கீழே ஆழமாக வெட்டிவிட்டது. ஆபரேஷன் செய்து நரம்பை இணைத்தார்கள். புண் ஆறியது. ஆனால் ஊசி பிடிக்கும் அந்த இரண்டு விரலும் மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டன. குத்திக்கொண்டால்கூடத் தெரியவில்லை. தைத்துக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

“உணர்ச்சி வரலைன்னா கடையை இழுத்து மூட வேண்டியதுதான்” என்றார். தையலை விட்டால் வேறொன்றும் தெரியாத மனுஷர்.

டாக்டரம்மா பொறுமைசாலி. “நரம்பு செல்லோட உடம்பு கழுத்துக்குப் பின்னாடி, முதுகெலும்பை ஒட்டி இருக்கு. கண்ணுக்கே தெரியாது. ஆனா அதோட வால் மட்டும் விரல் நுனி வரைக்கும் நீண்டு கிடக்கு. வெட்டுப்பட்டது வால்தான், செல் சாகலை. வெட்டுக்குக் கீழே இருக்கிற வால் மக்கிப் போயிடும். அதைச் சுத்தின உறை மட்டும் வெறும் குழாயா நிக்கும். அதுக்குள்ள புது வால் வளர்ந்து வரணும்” என்றார்.

“பாவாடைக்கு நாடா கோக்கிற மாதிரி” என்றார் இவர், சட்டென்று.

“அதேதான்! ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் போகும்.”

எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. “உங்க நரம்பும் உங்களை மாதிரியே நாளைக்கு, நாளைக்குன்னு இழுக்குதுங்க” என்றேன். அவர் முறைத்தார்.

அன்றிலிருந்து காலையில் கடை திறக்குமுன் ஜன்னலோரம் உட்காருவோம். வெட்டுத் தழும்பிலிருந்து கீழ்நோக்கி ஒற்றை விரலால் தட்டிக்கொண்டே வருவேன். எந்த இடத்தில் தட்டினால் விரலுக்குள் மின்சாரம் மாதிரி சுர்ரென்று ஓடுகிறதோ, அதுவரை நாடா வந்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே துணிக்குப் போடும் சாக்கட்டியால் ஒரு கோடு போடுவேன். பிறகு டேப்பால் அளப்பேன்.

“டேப்பை இழுத்துப் பிடிக்காதே. ஏமாத்துற.”

“ஆமா, ஊரையே ஏமாத்துறவர் சொல்லிட்டார்!”

மணிக்கட்டு வந்ததும் கோடு நகரவே இல்லை. ஒருநாள் இஸ்திரிப் பெட்டியில் விரல் பட்டுக் கருகியிருக்கிறது. நாற்றம் வந்த பிறகுதான் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார். “போதும், விட்டுடு” என்றார். எனக்கு வந்ததே கோபம்! “நாளைக்கு வாங்கன்னு சொல்லி எத்தனை பேரை நடையா நடக்க விட்டீங்க? இப்ப நீங்க காத்திருங்க. கையை நீட்டுங்க” என்றேன். நீட்டினார்.

அப்புறம் கோடு நகர்ந்தது. உள்ளங்கை தாண்டி விரலுக்குள் இறங்கியது. ஒரு காலையில் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு துண்டுத் துணியை விரலிடுக்கில் வைத்தேன். வெகுநேரம் தேய்த்தார்.

“வரி வரியா இருக்கு... ஏய், கார்டுராய்!”

நான் ஓவென்று அழுதேன். அவர் கத்தரிக்கோலை எடுக்க ஓடினார்.

ஒரு கோளாறு மட்டும் தங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொள்வார், நான் ஒரு விரலைத் தொடுவேன், தொட்ட விரலை அவர் தூக்க வேண்டும். ஆள்காட்டி விரலைத் தொட்டால் கட்டைவிரலைத் தூக்குவார். சில வால்கள் உறை மாறிப் போயிருக்கும், மூளை மெல்லப் பழகிக்கொள்ளும் என்றார் டாக்டரம்மா. தையலுக்குப் பழகிக்கொண்டார். ஆனால் அந்த விளையாட்டில் கடைசிவரை தோற்றார். அத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் தினமும் உட்கார்ந்திருந்தது அந்த ஒரு வருஷம்தான். அதை யாராவது திருப்பிக் கொடுத்தால் இந்த வீட்டையே எழுதிக் கொடுத்துவிடுவேன்.

போன வருஷம் காய்ச்சல் முற்றி, கண் திறக்காமல், பேச்சில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

“அம்மா, நீ வந்திருக்கிறதே அப்பாவுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படு” என்றான் மகன்.

நான் அவருடைய ஆள்காட்டி விரலைத் தொட்டேன். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு கட்டைவிரல் மெதுவாக எழுந்தது.

“அது சும்மா துடிக்கிறதும்மா. நீங்க தொட்டது வேற விரல்” என்றாள் நர்ஸ், இரக்கத்தோடு.

மறுபடி தொட்டேன். மறுபடியும் கட்டைவிரல்தான்.

“அவருக்கு அப்படித்தான்மா” என்று சொல்லிவிட்டு, நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.